ஒரு வாரப் புண்ணியம்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மார்ச் மாதவாக்கில் ஒரு வாரம் வகுப்பு கிடையாது. ஸ்பிரிங் பிரேக். குளிர் தணிந்து, செமஸ்டரின் நடுத்தேர்வுகள் முடிந்து, மாணவர்கள் கொஞ்சம் மூச்சு விடுகிற வாரம். பாதிப்பேர் வீட்டுக்குப் போய்த் தூங்குவார்கள். கையில் காசிருப்பவர்கள் ஃபுளோரிடா கடற்கரைக்கோ மெக்ஸிகோவின் கான்கூனுக்கோ போய்க் கும்மாளம் அடிப்பார்கள். 1960இல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் புண்ணியத்தில் ஃபோர்ட் லாடர்டேல் என்ற ஊரின் பெயரே இந்தக் கும்மாளத்துக்கு மறுபெயர் ஆகிப்போனது.

இந்த இரண்டிலும் சேராத ஒரு கூட்டம் உண்டு. பத்துப் பன்னிரண்டு பேராக ஒரு வேனில் ஏறி, முறை வைத்து ராத்திரி முழுக்க ஓட்டி, முன்பின் பார்த்திராத ஊருக்குப் போய், ஏதாவது ஒரு சர்ச்சின் தரையில் ஸ்லீப்பிங் பேக் விரித்துப் படுத்து, ஐந்து நாள் பெயின்ட் அடித்து, ஆணி அடித்து, ஏழைகளுக்குச் சாப்பாடு பரிமாறிவிட்டுத் திரும்பி வருவார்கள். இதற்கு ஆல்டர்னேட்டிவ் ஸ்பிரிங் பிரேக் என்று பெயர். 1980களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முளைத்தது. வீடு கட்டித் தரும் ஹாபிடாட் ஃபார் ஹ்யூமானிட்டி 1989இல் கல்லூரி மாணவர்களுக்கென்றே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 1991இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பிரேக் அவே என்ற அமைப்பு உருவாகி, எப்படிப் போவது, எங்கே போவது, போகுமுன் என்ன படிப்பது என்று இதற்கு ஓர் இலக்கணமே எழுதியது.

இப்படிப்பட்டவர்களைக் குறை சொல்வது தர்மசங்கடமான வேலை. பீரை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்த பையனையும் பெண்ணையும் திட்ட யாருக்கு மனசு வரும்? ஆனாலும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பயணங்களின் கணக்குப் புத்தகம் தப்பாக எழுதப்படுகிறது. எத்தனை பேர் போனார்கள், எத்தனை மணி நேரம் உழைத்தார்கள், எத்தனை சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள் என்பது மட்டுமே அதில் வரவு. யாருக்காகப் போனார்களோ அவர்களின் வாழ்க்கையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சுவரில்லை. ஒரு சட்டம், ஒரு கூலி விகிதம், ஒரு ஓட்டெடுப்பு. அவை எடுக்கப்படும் இடங்களில் அந்த ஏழையைவிட அந்த மாணவனுக்குத்தான் செல்வாக்கு அதிகம். அந்தச் செல்வாக்கைப் பயன்படுத்தத் தூண்டினால் பயணம் நல்லது. ஐந்து நாள் வியர்வை சிந்தியாகிவிட்டது, கடமை முடிந்தது என்ற திருப்தியைக் கொடுத்து அனுப்பினால், அந்தப் பயணம் நடக்காமலே இருந்திருக்கலாம்.

சும்மா சொல்லிவிட்டுப் போவதைவிட, இந்தப் பயணங்களின் பொற்காலத்தையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். கத்ரீனா புயலுக்குப் பிந்தைய நியூ ஆர்லியன்ஸ்.

உண்மையிலேயே தேவைப்பட்ட கடப்பாரை

2005 ஆகஸ்ட் 29. புயல் கரையைக் கடந்தது. நகரத்தை மூழ்கடித்தது காற்று இல்லை, உடைந்த வெள்ளத் தடுப்புக் கரைகள். கட்டியது அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை. வடிவமைப்பிலேயே கோளாறு இருந்ததை 2006 ஜூனில் அந்தப் படையே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. நகரத்தின் சுமார் 80 சதவீதம் தண்ணீரில் நின்றது. புயலில் செத்தவர்கள் 1,300க்கும் மேல்.

தண்ணீர் வாரக்கணக்கில் நின்று வடிந்த பிறகு வீடுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வீடுகள் மரச்சட்டத்தின் மேல் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டப்பட்டவை. பலகை தண்ணீரைக் குடித்து ஊறி, கூரை வரை கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சை. தலைகீழாகக் கிடக்கும் ஃப்ரிட்ஜ். அதற்குள் ஆறு மாதத்து அழுகல். வீட்டை மீட்க வேண்டுமானால் உள்ளே இருக்கும் சாமான், பலகை, தரை விரிப்பு, ஒயர் எல்லாவற்றையும் பிய்த்து எடுத்துத் தெருவில் கொட்டி, வெறும் மரச்சட்டமாக்கிக் காயவிட வேண்டும். காசு கொடுத்துச் செய்தால் ஆயிரக்கணக்கான டாலர் ஆகும். வீட்டுக்காரரோ அறுபது எழுபது வயதில், ஹூஸ்டனிலோ அட்லாண்டாவிலோ, வேறு மாநிலத்தில் தங்கியிருப்பவர். இதில் நகரமன்றம் ஒரு கெடு வேறு வைத்தது. 2006 ஆகஸ்ட் 29க்குள் வீட்டைச் சுத்தம் செய்து அடைக்காவிட்டால் நகராட்சி கையகப்படுத்தவோ இடிக்கவோ செய்யலாம் என்று.

இந்த இடத்தில் மாணவர்கள் வந்தார்கள். 2006 மார்ச்சிலும் 2007 மார்ச்சிலும் ஆயிரக்கணக்கில். வெள்ளை உடுப்பு, முகமூடி, ரப்பர் பூட்ஸ், கையில் கடப்பாரை. மாலிக் ரஹீம் என்ற உள்ளூர்க்காரர் முன்னின்று தொடங்கிய காமன் கிரவுண்ட் போன்ற அமைப்புகள் அவர்களைத் தெருத்தெருவாக அனுப்பின. அனுபவமில்லாத கைகள் ஆயிரக்கணக்கில், ஒரே நேரத்தில், ஒரு கெடுவுக்குள் தேவைப்பட்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. அரசு செய்யவில்லை, இவர்கள் செய்தார்கள். கெடு தாண்டிப் போயிருக்க வேண்டிய வீடுகள் தப்பின. இதை மறுப்பவன் நன்றி கெட்டவன்.

இந்தப் பயணங்களுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஆகச் சிறந்த உதாரணம் இதுதான். அதனால்தான் இதையே உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சுவரும் சூத்திரமும்

மாணவர்கள் பலகையைப் பிய்த்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் வேறு சில காரியங்களும் நடந்தன.

ஒன்று. புயலடித்துப் பத்தே நாளில், 2005 செப்டம்பர் 8 அன்று, ஜனாதிபதி புஷ் டேவிஸ்-பேகன் சட்டத்தைப் புயல் பாதித்த பகுதிகளில் நிறுத்திவைத்தார். அரசுப் பணத்தில் நடக்கும் கட்டுமான வேலைக்கு அந்தப் பகுதியின் நடைமுறைக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதுதான் அந்தச் சட்டம். வீடும் வேலையும் இழந்து நிற்கும் ஆட்களுக்கு அவர்கள் ஊரையே திரும்பக் கட்டும் வேலையில் குறைந்த கூலி கொடுக்கலாம் என்று இதற்கு அர்த்தம். எதிர்ப்புக் கிளம்பி, நவம்பர் 8 அன்று சட்டம் திரும்ப அமலுக்கு வந்தது. அதைச் சாதித்தது கடப்பாரை இல்லை. தொழிற்சங்கங்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் கொடுத்த நெருக்கடி.

இரண்டு. வீட்டைத் திரும்பக் கட்ட மத்திய அரசு பணம் கொடுத்தது. லூசியானா மாநிலம் அதை 'ரோட் ஹோம்' என்ற திட்டம் மூலம் பங்கிட்டது. உச்சவரம்பு ஒரு வீட்டுக்கு 1,50,000 டாலர். அதற்குள் எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம்: புயலுக்கு முன் வீட்டின் சந்தை மதிப்பு, சேதத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு, இரண்டில் எது குறைவோ அது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே அளவு, ஒரே மாதிரி வீடு கறுப்பர்கள் வாழும் தெருவில் இருந்தால் சந்தை மதிப்பு குறைவு. ஆணியும் பலகையும் எல்லாத் தெருவுக்கும் ஒரே விலை. ஆகவே கறுப்பர் தெருவில் கிடைத்த பணம் வீட்டைக் கட்டப் போதவில்லை. 2008இல் வழக்குப் போட்டார்கள். 2011இல் சுமார் 6.2 கோடி டாலர் தருவதாக சமரசம் ஆனது. அதற்குள் ஆறு வருடம் ஓடிவிட்டது.

மூன்று. ஏழைகள் வாடகைக்கு இருந்த நான்கு பெரிய அரசுக் குடியிருப்புகளை இடிக்க மத்திய வீட்டுவசதித் துறை திட்டமிட்டது. சுமார் 4,500 வீடுகள். இவற்றில் பல செங்கல் கட்டடங்கள். சுத்தம் செய்தால் திரும்பக் குடியேறலாம் என்று அங்கே இருந்தவர்கள் மன்றாடினார்கள். 2007 டிசம்பர் 20 அன்று நகரமன்றம் ஒருமனதாக இடிக்க அனுமதி கொடுத்தது. மன்றத்துக்கு வெளியே நின்றவர்கள் மேல் மிளகுப்பொடி ஸ்பிரே அடிக்கப்பட்டது.

இந்த மூன்றையும் ஒரு பக்கத்தில் வையுங்கள். ஒரு குழு ஐந்து நாளில் ஒன்றிரண்டு வீடுகளைச் சுத்தம் செய்யும். ஒரே மாலையில் ஓர் ஓட்டெடுப்பு 4,500 வீடுகளின் விதியை எழுதும். மாணவன் பலகை உரித்துக் காப்பாற்றிய வீட்டுக்காரர் அந்த மரச்சட்டத்துக்குப் பலகை அடிக்கப் பணமில்லாமல் ஹூஸ்டனிலேயே தங்கிப்போவார். லோயர் நைன்த் வார்டில் 2000ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 14,000 பேர் இருந்தார்கள். 2010இல் 3,000 பேர்கூட இல்லை. நல்லெண்ணத்தோடு தன்னார்வலர்கள் வந்து குவிந்த பகுதி அது என்பதை மறந்துவிடக் கூடாது.

இதில் மாணவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். டேவிஸ்-பேகன் வாஷிங்டன் சமாச்சாரம். ரோட் ஹோம் பணம் வாஷிங்டனிலிருந்து வந்தது. குடியிருப்புகளை இடிக்கத் திட்டமிட்ட துறையும் வாஷிங்டனில் இருப்பது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு எந்த முகவரியில் ஓட்டுப் போடுவது என்றே தெரியாமல் இருந்தவருக்கு வாஷிங்டனில் ஒரு குரலும் இல்லை. ஒஹையோவிலிருந்தும் விஸ்கான்சினிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வந்த மாணவனுக்கோ அவனவன் தொகுதியில் ஒரு பிரதிநிதி, மாநிலத்துக்கு இரண்டு செனட்டர், கல்லூரிப் பத்திரிகை, படித்த பெற்றோர், ஓட்டு எல்லாம் இருந்தன. நியூ ஆர்லியன்ஸுக்கு உண்மையில் தட்டுப்பாடாக இருந்தது இந்தச் சரக்குத்தான். அவன் கொண்டுவந்து இறக்கியதோ தன்னிடம் இருப்பதிலேயே மலிவான சரக்கு: பழக்கமில்லாத இரண்டு கை, ஐந்து நாளுக்கு.

சிலர் இதைப் புரிந்துகொண்டார்கள். இடிப்பை எதிர்த்த கூட்டங்களில் வெளியூர் மாணவர்களும் நின்றார்கள். 2006 தொடக்கத்தில் வாஷிங்டனிலிருந்து தன்னார்வலர்களாக வந்த இரண்டு பேர், பார்த்ததைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி வாழ முடியாமல், அங்கேயே குடியேறி செயின்ட் பெர்னார்ட் ப்ராஜெக்ட் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இவர்கள் விதிவிலக்குகள். விதி என்னவோ ஆறாம் நாள் வேனில் ஏறுவதுதான்.

யாருக்கு லாபம்?

நியூ ஆர்லியன்ஸில் அனுபவமில்லாத கைகளுக்குத் தேவை இருந்தது. அதே அச்சை எடுத்துக்கொண்டு எல்லா ஊருக்கும் போவதுதான் அடுத்த பிரச்சினை. பெயின்ட் அடிக்கத் தெரிந்த, வேலை இல்லாமல் இருக்கிற ஆட்கள் நிறைந்த ஊருக்குப் பெயின்ட் அடிக்கத் தெரியாதவர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போவது என்ன கணக்கு?

ஒரு சின்னக் கூட்டல் பெருக்கல். பன்னிரண்டு பேர் போகிறார்கள், ஆளுக்கு 400 டாலர் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 4,800. தினம் ஆறு மணி நேரம், ஐந்து நாள் வேலை. 360 மணி நேரம். அப்படியானால் அந்த 'இலவச' உழைப்புக்கு மணிக்கு 13 டாலருக்கு மேல் செலவாகிறது. 2009 முதல் அமெரிக்காவின் மத்திய குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். உள்ளூர்க்காரருக்கு நல்ல கூலி கொடுத்து அதே வேலையைச் செய்திருக்கலாம். சுவரும் நேராக வந்திருக்கும்.

"அந்தப் பணம் பயணத்துக்காகத்தான் திரட்டப்பட்டது, ஊருக்கு அனுப்பு என்றால் யாரும் கொடுக்கமாட்டார்கள்" என்பார்கள். சரியான பேச்சு. ஆனால் அந்தப் பேச்சிலேயே உண்மை வெளிவந்துவிடுகிறது. நன்கொடையாளர் வாங்குவது மாணவனின் அனுபவத்தை. ஊர் அதற்கு மேடை.

திரும்பி வந்தவர்களின் பேச்சையும் அறிக்கைகளையும் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். "அவர்களுக்குக் கொடுக்கப் போனோம், அவர்கள்தான் எங்களுக்குக் கொடுத்தார்கள்." "ஒன்றுமில்லாதவர்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்!" இந்த இரண்டாவது வாக்கியம் ரொம்ப ஆபத்தானது. ஒன்றுமில்லாமலே சந்தோஷமாக இருக்கிறார்கள் என்றால் அவர்களுக்கு ஏன் கூலியை உயர்த்த வேண்டும்? விருந்தாளி முன்னால் சிரிப்பது எந்த ஊரிலும் மரியாதை. அந்தச் சிரிப்பைப் படம் பிடித்துக்கொண்டு போய் வாழ்க்கைத் திருப்திக்கு அத்தாட்சியாகக் காட்டுவது என்ன மரியாதை?

இந்த விமர்சனம் புதிதில்லை. 1968 ஏப்ரலில், மெக்ஸிகோவில் கோடைகாலச் சேவைக்கு ஆள் அனுப்பும் மாணவர் அமைப்பு ஒன்றின் கூட்டத்தில் இவான் இலிச் என்ற பாதிரியார் பேசினார். தன்னை அழைத்தவர்களையே வறுத்தெடுத்தார். கற்றுக்கொள்ளவும் ஊர் பார்க்கவும் வரலாம், உதவி செய்கிறோம் என்று மட்டும் வராதீர்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். உங்கள் நல்லெண்ணம் எங்களுக்கு வேண்டாம் என்று திருப்பிச் சொல்லக்கூட அந்தக் கிராமத்து மக்களிடம் பொது மொழி இல்லை என்பதுதான் அவர் கோபத்தின் அடி. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பேச்சைப் பயணத்துக்கு முன் மாணவர்களுக்குப் படிக்கக் கொடுக்கும் குழுக்கள்கூட உண்டு. படித்து, விவாதித்து, தலையாட்டி, பிறகு வேனில் ஏறுவார்கள். வேடிக்கைதான்.

"அப்போ கான்கூனுக்கே போகட்டுமா?"

இந்தக் கேள்வி உடனே வரும். வர வேண்டியதுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

"ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட இது மேல் இல்லையா?" ஒன்றும் செய்யாதவனுக்குத் தான் ஒன்றும் செய்யவில்லை என்பதாவது தெரியும். பாதி செய்துவிட்டு முழுதும் செய்துவிட்டதாக நினைப்பவனிடம் யாரும் மறுபடி எதையும் கேட்க முடியாது.

"மாணவர்கள் மனம் மாறுகிறது. பின்னாளில் வக்கீலாக, டாக்டராக, அதிகாரியாக ஆகும்போது நினைவிருக்கும்." இருக்கலாம். சிலருக்கு உண்மையிலேயே இருக்கிறது. அப்படியானால் இதைக் கல்விச் சுற்றுலா என்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும். கற்றுக்கொண்டவன் கற்றுக்கொடுத்த ஊருக்குக் கடன்பட்டவன் ஆகிறான். சேவை என்று அழைத்தால் ஊர் அவனுக்குக் கடன்பட்டதாகிவிடுகிறது. பெயரில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது.

"அந்த ஊர் அமைப்புகளே கூப்பிடுகின்றனவே?" கூப்பிடுகின்றன. வருகிறவர்கள் கட்டும் கட்டணம் பல சின்ன அமைப்புகளுக்கு வருமானம். மார்ச் மாதம் வந்தால் நான்கு வாரத்துக்கு நான்கு குழுக்கள். ஒவ்வொன்றுக்கும் கடப்பாரை எப்படிப் பிடிப்பது என்று முதல் நாளிலிருந்து சொல்லிக்கொடுக்கவே முழுநேர ஆள் ஒருவர் வேண்டும். அவர்களிடம் போய் "கட்டணத்தை மட்டும் அனுப்பட்டுமா, ஆட்களையும் அனுப்பட்டுமா, எது உங்களுக்கு உதவி?" என்று மனம்விட்டுக் கேட்ட குழுக்கள் எத்தனை?

தக்காளி கற்றுக்கொடுத்தது

குறை சொல்வது சுலபம், வழி என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு ஊர் இருக்கிறது. ஃபுளோரிடாவில் இம்மோக்கலி. ஸ்பிரிங் பிரேக் கூட்டம் வெயில் காயும் நேப்பிள்ஸ் கடற்கரையிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். குளிர்காலத்தில் அமெரிக்காவில் விளையும் தக்காளியில் பெரும்பங்கு இந்தப் பகுதியினுடையது. பறிப்பவர்கள் மெக்ஸிகோ, குவாத்தமாலா, ஹைட்டியிலிருந்து வந்தவர்கள். 2000களின் தொடக்கத்தில் 32 பவுண்டு பிடிக்கும் ஒரு பக்கெட்டுக்குக் கூலி 40 முதல் 45 சென்ட். ஒரு நாளில் 50 டாலர் சம்பாதிக்க வேண்டுமானால் 125 பக்கெட். அதாவது 4,000 பவுண்டு தக்காளியைக் கையால் பறித்து, தோளில் தூக்கி, லாரி வரை ஓட வேண்டியிருந்தது. இந்த விகிதம் 1980 வாக்கிலிருந்து கிட்டத்தட்ட அசையாமலே இருந்தது.

இம்மோக்கலிக்கும் மாணவர் குழுக்கள் வருவதுண்டு. வந்தவர்கள் குடியிருப்புகளுக்குப் பெயின்ட் அடித்துவிட்டுப் போயிருக்கலாம். பக்கெட்டுக்குக் கூலி 45 சென்ட்டிலேயே நின்றிருக்கும். ஆனால் அங்கே 1993இல் தொழிலாளர்களே சேர்ந்து உருவாக்கிய இம்மோக்கலி தொழிலாளர் கூட்டமைப்பு ஒன்று இருந்தது. அவர்கள் தோட்டக்காரரோடு மட்டும் மல்லுக்கு நிற்காமல் தக்காளி எங்கே போகிறது என்று தொடர்ந்து பார்த்தார்கள். டாக்கோ பெல்லுக்குப் போனது. டாக்கோ பெல் விளம்பரங்கள் யாரைக் குறிவைத்தன? 18 முதல் 24 வயது வரை உள்ளவர்களை. கல்லூரி வளாகங்களுக்குள்ளேயே அதன் கடைகள் இருந்தன. 2001இல் புறக்கணிப்பு அறிவித்தார்கள். மாணவர்களிடம் அவர்கள் கேட்டது உழைப்பை இல்லை. பவுண்டுக்கு ஒரு சென்ட் கூடுதலாகக் கொடு என்று உங்கள் வளாகத்துக் கடைக்காரனிடம் சொல்லுங்கள், இவ்வளவுதான்.

மாணவர்கள் சொன்னார்கள். இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் டாக்கோ பெல் வெளியேற்றப்பட்டது அல்லது உள்ளே விடப்படவில்லை. 2003இல் கலிஃபோர்னியாவில் அதன் தலைமையகத்துக்கு எதிரே தொழிலாளர்களும் மாணவர்களும் சேர்ந்து பத்து நாள் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2005 மார்ச் 8 அன்று டாக்கோ பெல் இறங்கி வந்தது. மார்ச் மாதம்தான், கவனியுங்கள். பவுண்டுக்கு ஒரு சென்ட் என்றால் பக்கெட்டுக்கு 32 சென்ட். அந்தத் தக்காளியைப் பறித்தவரின் கூலி கிட்டத்தட்ட இரட்டிப்பு. 2007இல் மெக்டொனால்ட்ஸ், 2008இல் பர்கர் கிங் என்று வரிசையாக வந்தார்கள். 2011 முதல் அது ஃபேர் ஃபுட் திட்டமாக விரிந்து, கூலியோடு வயலில் நிழல், குடிநீர், பாலியல் தொல்லைக்கு எதிரான புகார் முறை எல்லாம் ஒப்பந்தமாயின.

இந்த வெற்றியில் மாணவர்கள் செய்த வேலை பெரும்பாலும் நடந்தது இம்மோக்கலியில் இல்லை. அவர்களுடைய சொந்த வளாகத்தில், சாப்பாட்டுக் கூடத்தில், நிர்வாகத்தோடு நடந்த சலிப்பூட்டும் கூட்டங்களில். இம்மோக்கலிக்குப் போனவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். திரும்பி வந்து செய்தார்கள். செய்யச் சொன்னதும் எதைச் செய்ய வேண்டும் என்று சொன்னதும் தொழிலாளர்கள்.

சில நேரம் எங்கும் போகவே தேவையில்லை. 2001 ஏப்ரலில் ஹார்வர்டு மாணவர்கள் நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்து 21 நாள் உட்கார்ந்தார்கள். அவர்கள் வகுப்பறையைக் கூட்டுகிற, வாசலைக் காக்கிற, சாப்பாடு போடுகிற தொழிலாளர்களின் கூலிக்காக. அதன் பின் ஒரு குழு அமைக்கப்பட்டு, கூலி உயர்ந்தது. விடுதி அறையைத் தினம் சுத்தம் செய்பவரின் பெயர் தெரியாமல், ஆயிரம் மைல் தாண்டி யாருக்கோ சேவை செய்யப் போவது ஒரு விசித்திரமான பக்தி.

தமிழ்நாட்டிலும் இதே கதை

இது அமெரிக்கப் பணக்காரப் பிள்ளைகளின் வியாதி என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம், அதாவது என்.எஸ்.எஸ்., காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கியது. இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாம், முடிவில் சான்றிதழ். கோயில் வளாகத்தைக் கூட்டுவார்கள், விழிப்புணர்வு ஊர்வலம் போவார்கள், மரக்கன்று நடுவார்கள். அடுத்த வருடம் அடுத்த அணி அதே குழியில் மறுபடி கன்று நடும் என்பது கல்லூரிகளில் பழைய ஜோக். கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று ஏழு நாளில் ஒருவரும் கேட்காததால் வந்த ஜோக் அது. முகாமுக்குப் போன ஊரில் ஊராட்சி வரவுசெலவு எப்படிப் போகிறது, ரேஷன் கடை எத்தனை நாள் திறக்கிறது, கழிவை யார் அள்ளுகிறார்கள் என்று கேட்டு, முகாம் முடிந்த பிறகும் அந்தக் கேள்வியை விடாமல் துரத்தும் அணிகள் இருக்கின்றன. குறைவு.

என்ன செய்யலாம்?

பயணங்களை நிறுத்தச் சொல்வதில் அர்த்தமில்லை. நிபந்தனை போடலாம்.

1. வேலைப் பட்டியலை ஊர் எழுத வேண்டும். "ஆள் வேண்டாம், பணம் போதும்" என்று ஊர் சொன்னால் ஆள் போகக் கூடாது. "ஒன்றும் வேண்டாம்" என்றால் ஒன்றும் கூடாது.

2. போக்குவரத்துக்கு எவ்வளவு திரட்டுகிறார்களோ அதே அளவு பணத்தை ஊர் அமைப்பிடம் கொடுக்க வேண்டும். நிபந்தனையில்லாமல்.

3. ஒரு கல்லூரி ஒரே ஊருக்குத் தொடர்ந்து ஐந்து வருடமாவது போக வேண்டும். ஒவ்வொரு மார்ச்சும் புது ஊர், புது துயரம் என்று மெனு கார்டு நீட்டுவதை நிறுத்த வேண்டும்.

4. போகுமுன் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இந்த ஊரின் நிலைமையை மாற்றக்கூடிய முடிவை யார், எங்கே எடுக்கிறார்? விடை தெரியாதவர் வேனில் ஏறக் கூடாது.

5. திரும்பி வந்த பிறகு அதே விஷயத்தில் சொந்த ஊரிலோ வளாகத்திலோ ஒரு காரியம் செய்து முடிக்க வேண்டும். சான்றிதழ், மதிப்பெண், பயோடேட்டாவில் ஒரு வரி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

6. குழந்தைகளோடு போட்டோ கூடாது. விளக்கம் தேவையில்லை.

இதில் ஐந்தாவதுதான் முக்கியம். பிரேக் அவே எழுதிய இலக்கணத்திலேயே திரும்பி வந்தபின் செய்ய வேண்டியவை என்று ஒரு பகுதி உண்டு. காகிதத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஏப்ரலில் அசைன்மென்ட், மே மாதம் பரீட்சை, பிறகு கோடை விடுமுறை. ஒரு பீட்சா விருந்து, போட்டோக் காட்சி, முடிந்தது. செய்யப்பட வேண்டிய வேலையில் கஷ்டமான பாதி எப்போதும் வராத அடுத்த வாரத்துக்கு ஒத்திப்போடப்படுகிறது.

இந்த நிபந்தனைகளைப் போட்டால் போகிறவர்கள் எண்ணிக்கை பாதியாகக் குறைந்துவிடும் என்பார்கள். குறையட்டும். 2007 மார்ச்சில் பலகை உரித்த ஆயிரக்கணக்கானவர்களில் பத்தில் ஒருவர், அந்த டிசம்பர் ஓட்டெடுப்புக்கு முன்னால் தன் செனட்டர் அலுவலக வாசலில் போய் நின்றிருந்தால் 4,500 வீடுகளும் தப்பியிருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் அந்த வீடுகளில் இருந்தவர்கள் நகரமன்ற வாசலில் அவ்வளவு தனியாக நின்றிருக்கமாட்டார்கள்.